தையல் மேஜையும் அடுப்பும் ஒரே மாலையில்: முழுமையான வழிகாட்டி

சமையலும் கைவேலையும் ஒரே ஆளின் கையில் இருக்கும் வீட்டில் இரண்டும் மாலை நேரத்துக்காகப் போட்டி போடும். நான்கு மணிக்குத் துணியை விரித்தால் ஐந்து மணிக்கு அடுப்பு கூப்பிடும். பாதி வெட்டிய துணியைச் சுருட்டி அலமாரியில் திணித்துவிட்டுப் போனால், அது மூன்று வாரம் அங்கேயே கிடக்கும்.

நேரம் போதவில்லை என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு வாரம், சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி இரண்டு கணக்கு எழுதினேன். கை வைத்து வேலை செய்த நிமிடம் ஒரு பக்கம், சும்மா காத்திருந்த நிமிடம் இன்னொரு பக்கம். பருப்பும் காய்கறியும் சேர்த்த கெட்டியான சூப் ஒன்றுக்கு மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதில் என் கை வேலை செய்தது வெறும் 25 நிமிடம். மீதி நேரமெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்றதிலும், அங்குமிங்கும் நடந்ததிலும், போனைப் பார்த்ததிலும் போயிருந்தது. அந்த மீதி நேரத்தைக் கைவேலைக்குத் திருப்புவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. தையலை வைத்தே சொல்கிறேன். பின்னல், எம்பிராய்டரி, காகித வேலை எதுவானாலும் முறை ஒன்றுதான்.

படி 1: கை நிமிடமும் காத்திருக்கும் நிமிடமும்

உங்கள் வீட்டில் அடிக்கடி சமைக்கும் எட்டு, பத்து சாப்பாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் போடுங்கள்: கை நிமிடம், காத்திருக்கும் நிமிடம். ஊகித்து எழுத வேண்டாம், ஒரு தடவையாவது கடிகாரம் பார்த்து எழுதுங்கள். நம் ஊகம் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்க ஐந்து நிமிடம் என்று பல சமையல் குறிப்புகள் சொல்லும். நன்றாக இனிப்பு இறங்கிப் பழுப்பாக வர, மிதமான தீயில் 30 முதல் 45 நிமிடம் வரை ஆகும்.

எழுதி முடித்ததும் பட்டியல் இரண்டாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள். பொரிப்பது, தோசைக்கல்லில் ஒவ்வொன்றாகச் சுடுவது, பெருந்தீயில் கிளறிக்கொண்டே வதக்குவது எல்லாம் முழுக்க முழுக்கக் கை நிமிடம். கைவேலை நாளில் இவற்றைத் தொடாதீர்கள். எண்ணெய் காயும் அடுப்பை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. ஒரே பாத்திரத்தில் மெதுவாக வேகும் பருப்பு, பயறு, கிழங்கு, இறைச்சி, ஓவனில் வேகும் காய்கறி, புளிக்க விட்ட ரொட்டி மாவு எல்லாம் இன்னொரு பக்கம். மனதுக்கு இதமான வீட்டுச் சாப்பாடு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

படி 2: இடத்தைப் பிடிப்பது

தனி அறை தேவையில்லை. அடுப்பின் சத்தம் கேட்கிற, வாசனை வந்து சேர்கிற, ஆனால் ஆவியும் எண்ணெய்த் தெறிப்பும் எட்டாத ஒரு மூலை போதும். அடுப்பிலிருந்து ஏழெட்டு காலடி வைத்தால் போய்ச் சேரும் தூரம் நல்லது. மாடியறையில் அழகாக ஒரு இடம் அமைத்து, சமையல் நாளில் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு மேஜையையே பயன்படுத்த வேண்டிய நிலை என்றால், விளிம்பு வைத்த பெரிய தட்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் நடந்துகொண்டிருக்கும் வேலை, இன்னொன்றில் கருவிகள். சாப்பிடும் நேரம் வந்தால் இரண்டு தட்டையும் அப்படியே தூக்கி அலமாரியில் வைக்கலாம். எடுத்து வைக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுநாள் விரிக்க மனம் வராது. நான் மூலையை மூன்று தடவை மாற்றி அமைத்ததில் எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இந்த இரண்டு நிமிடம்தான்.

சாப்பாட்டு மேஜையில் தைப்பவர்கள் குண்டூசியை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது. ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு வைத்திருந்து, தட்டை எடுத்ததும் மேஜை மேலும் தரையிலும் ஒரு தடவை ஓட்டுங்கள். எஃகு ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டில் ஊசி விழுந்துவிடுமோ என்ற பயம் ஒரு தடவை வந்துவிட்டால் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்கள்.

படி 3: உயரமும் வெளிச்சமும்

துணி வெட்டுவது நின்று செய்யும் வேலை. அதற்கு மேஜை ஏறத்தாழ 85 முதல் 95 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் முதுகு வலிக்காது. சமையல் மேடையின் வழக்கமான உயரமும் அதுதான். அதனால் மேடை காலியாகவும் ஈரமில்லாமலும் இருக்கும் நேரத்தில், மேலே ஒரு சுத்தமான பலகையைப் போட்டு அங்கேயே வெட்டிவிடலாம். தைப்பது உட்கார்ந்து செய்யும் வேலை. அதற்கு 70 முதல் 75 சென்டிமீட்டர். மிஷின் மேல் கை வைத்திருக்கும்போது தோள் தூக்கிக்கொண்டிருந்தால், மேஜை உயரம் அல்லது நாற்காலி தாழ்வு என்று அர்த்தம்.

வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து. இல்லாவிட்டால் நம் கையின் நிழலே தைக்கிற இடத்தில் விழும். பல்பு வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ (CRI) என்ற எண்ணைப் பாருங்கள், நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறம் உள்ளபடியே தெரியும். கருநீலத் துணிக்குக் கறுப்பு நூலைப் போட்டுவிட்டு மறுநாள் பகலில் பார்த்து வருந்துவது இதனால் குறையும்.

படி 4: கருவிகள்

குறைவாக இருக்கட்டும், நல்லதாக இருக்கட்டும். துணிக்கு ஒரு கத்தரிக்கோல், காகிதத்துக்கு வேறொன்று, சமையலறைக்கு இன்னொன்று. துணிக் கத்தரியின் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் புரியும். மிஷின் ஊசியில் 80/12 என்ற அளவு பொதுவான பருத்தித் துணிக்குப் பொருந்தும். 80 என்பது ஊசியின் தடிமன் 0.8 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. மெல்லிய துணிக்கு 70/10, ஜீன்ஸ் மாதிரித் தடித்த துணிக்கு 100/16. எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றுவது நல்ல பழக்கம். தையல் விட்டு விட்டு விழுந்தால் மிஷினைக் குறை சொல்லும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

படி 5: மேஜை வேலை, மடி வேலை

சமையலை இரண்டாகப் பிரித்ததுபோலக் கைவேலையையும் பிரிக்க வேண்டும். எனக்கு எல்லாமே மாறியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அளவெடுப்பது, வெட்டுவது, மிஷினில் நீளத் தையல் போடுவது, ஜிப் வைப்பது எல்லாம் மேஜை வேலை. இடையில் எழுந்தால் கெட்டுப்போகும், கவனமும் சிதறக் கூடாது. ஹெம்மிங் (ஓரத்தை மடித்துத் தைப்பது), பட்டன் தைப்பது, ஹூக் வைப்பது, கையால் காஜா (பட்டன் துளை) எடுப்பது, தப்பான தையலைப் பிரிப்பது, குரோஷா எனும் கொக்கி ஊசிப் பின்னல் எல்லாம் மடி வேலை. எந்த நொடியும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுப்பில் எதுவும் இல்லாதபோதும், ஊற வைத்தது ஊறிக்கொண்டிருக்கும்போதும் மேஜை வேலை செய்யுங்கள். அடுப்பு எரியும்போது மடி வேலை மட்டும், அதுவும் அடுப்பு கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து.

இந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நாள் கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்துவிட்டு ஒரு பைக்கு ஜிப் வைக்க உட்கார்ந்தேன். மிஷின் ஓடும் சத்தத்தில் விசில் எனக்குக் கேட்கவே இல்லை. கருகிய வாசனை வந்தபிறகுதான் எழுந்து ஓடினேன். தண்ணீர் முழுக்க வற்றியிருந்தது. பாத்திரம் போனது பெரிதில்லை, அது எவ்வளவு ஆபத்து என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. மிஷின் சத்தம் விசிலை மறைக்கும் என்பது அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து அடுப்பு எரியும்போது நான் மிஷினைத் தொடுவதில்லை. மடி வேலை செய்யும்போதும் போனில் டைமர் வைத்து, அதிரும்படி இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

மடி வேலைக்கென்று ஒரு கூடை தனியாக இருக்கட்டும். நூல், ஊசி, சின்னக் கத்தரி, செய்ய வேண்டிய இரண்டு மூன்று துணி எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கிடைத்தால் அந்தப் பத்து நிமிடமும் தையலுக்கே போக வேண்டும், ஊசி தேடுவதில் போகக் கூடாது.

படி 6: தானே வேகும் சாப்பாடு

சமைக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, முந்தின இரவோ அன்று காலையோ தொடங்குங்கள். முழுப் பயறு வகைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊற விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு ஊறவைத்தால் தோல் மெத்தென்று வேகும், வெடித்துப் பிரியாது. தோலுக்கு உறுதி தரும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியமும் மெக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடித்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டி, ஒரு தடவை அலசிவிட்டு வேக வையுங்கள்.

தக்காளி, புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதையும் பயறு மெத்தென்று ஆன பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பில் பயறு சீக்கிரம் வேகாது. இரண்டு மணி நேரம் கொதித்தும் கடுக்கென்று இருக்கிறதே என்று பலர் தவிப்பதற்குப் பல நேரங்களில் காரணம், தக்காளியை முதலிலேயே போட்டதுதான்.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு, சரியாக வேகாவிட்டால் கடுமையான வாந்தி வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். 10 நிமிடக் கொதி கட்டாயம், 30 நிமிடம் கொதித்தால் இன்னும் நிம்மதி. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. அதில் சூடு அந்த அளவுக்கு ஏறாமல் போகலாம், குறைந்த சூட்டில் அந்த நச்சு அழியாது.

இறைச்சி சமைப்பவர்கள் கைவேலை நாளுக்குக் கடினமான, நார் நிறைந்த துண்டுகளையே வாங்குங்கள். அதில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதம், 70 டிகிரி செல்சியசுக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறும். இரண்டு மூன்று மணி நேரம் சிம்மில் கிடந்தால்தான் அந்த வழுவழுப்பும் ருசியும் வரும். கொதி பெரிதாகப் போகக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் போதும். அடிக்கனமான பாத்திரம், இறுக்கமான மூடி, அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்துத் தண்ணீர் அளவைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான் வேலை.

என் வழக்கமான சூப்பையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேருக்கு: ஊறவைத்த கொண்டைக்கடலை ஒன்றரைக் கப், பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு, தக்காளி மூன்று, பூண்டு ஆறு பல், எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, மிளகு, உப்பு, ஒரு கைப்பிடி கீரை. கடலையைத் தனியாகப் போதிய தண்ணீரில் வேக விடுங்கள், வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். இன்னொரு பாத்திரத்தில் வெங்காயத்தைக் கொஞ்சம் உப்போடு மிதமான தீயில் நன்றாகப் பழுக்க வதக்குங்கள். ருசியெல்லாம் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பூண்டும் மிளகும் போட்டு வாசனை வந்ததும் கேரட், கிழங்கு, வெந்த கடலை, அதன் தண்ணீர் எல்லாம் சேர்த்து மூடி, சிம்மில் 20 நிமிடம். கிழங்கு மெத்தென்றதும் தக்காளி, இன்னும் 20 நிமிடம். ஒரு கரண்டி கடலையையும் கிழங்கையும் பாத்திரத்தின் ஓரத்திலேயே மசித்துவிடுங்கள், தானாகவே கெட்டியாகும். கீரையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டு இறக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள். நீர் வற்ற வற்ற உப்பு ஏறும் என்பதால் முதலிலேயே முழு உப்பையும் போட வேண்டாம்.

படி 7: ஒரு மாலை எப்படி ஓடும்

மூன்று மணிக்கு மேஜை வேலை தொடங்குகிறேன். அடுப்பு அணைந்திருக்கிறது, கடலை காலையிலிருந்து ஊறிக்கொண்டிருக்கிறது. வெட்டுவது, மிஷின் தையல், அயர்ன் எல்லாம் இந்த ஒன்றேகால் மணி நேரத்தில். நாலேகாலுக்கு மிஷினை அணைத்து, அயர்ன் பிளக்கைப் பிடுங்குகிறேன். பிளக்கைப் பிடுங்கியபின்தான் அடுப்பைப் பற்றவைப்பது. இந்த வரிசையை நான் ஒரு நாளும் மாற்றுவதில்லை.

காய் நறுக்கவும் வெங்காயம் வதக்கத் தொடங்கவும் கால் மணி நேரம். கடலை ஒரு பக்கம் வேகிறது, வெங்காயம் இன்னொரு பக்கம் பழுக்கிறது. அதை நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும் என்பதால் பட்டன் தைக்கிற மாதிரிச் சின்ன மடி வேலை ஓடும். ஐந்தேகால் வாக்கில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மூடிவிட்டால், அப்புறம் முக்கால் மணி நேரம் ஹெம்மிங்தான். நடுவில் தக்காளி போட ஒரு தடவை எழுந்தால் போதும். ஒரு பாவாடையின் கீழ்மடிப்பு முழுவதும் அந்த நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை சொல்வதும் இந்த நேரத்தில்தான். மிஷின் ஓடும்போது யாரும் வந்து பேசுவதில்லை, கையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பவரிடம் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்த முக்கால் மணி நேரம் அவ்வளவு பிடிக்கும்.

படி 8: சமையலும் துணியும் கலக்காமல்

வெங்காயமும் பூண்டும் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். சமையல் ஏப்ரனும் தையல் ஏப்ரனும் வேறு வேறாக இருக்கட்டும். துணியில் எண்ணெய் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். சோள மாவைத் தூவி அரை மணி நேரம் விட்டு உதறுங்கள். மிச்சக் கறையில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு வைத்து மெல்லத் தடவி அலசினால் பெரும்பாலும் போய்விடும். கறை போகும் முன் அயர்ன் செய்தால் அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

சாயம், மெழுகு, ரெசின் வேலை செய்பவர்கள் அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒருபோதும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. மெழுகை நேரடித் தீயில் உருக்கக் கூடாது, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். மெழுகோ எண்ணெயோ தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். மூட முடியாத அளவு தீ பெரிதானால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். இந்த வேலைகளைச் சமையல் நாளில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

படி 9: மிச்சமும் மறுநாளும்

ஒரே பாத்திரச் சமையலை இரண்டு வேளைக்குச் சேர்த்தே செய்யுங்கள். கை நிமிடம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் மறுநாள் மாலை முழுக்க மேஜை வேலைக்குக் கிடைக்கும். இப்படிப்பட்ட சூப்பும் குழம்பும் மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். மிச்சத்தை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், கிருமி பெருக அது போதும். 4 டிகிரியில் மூன்று நான்கு நாள் தாங்கும். சூடாக்கும்போது நடுவரை 74 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நன்றாகக் கொதிக்க விடுங்கள். சாதத்துக்கு மட்டும் இன்னும் கண்டிப்பு: ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வேகவைத்தும் சாகாத ஒரு கிருமியின் வித்து அதில் இருக்கலாம். வெளியில் கிடந்தால் அது பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைக்கும் முன், எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதிலேயே குத்தி வையுங்கள். "இடது கை இணைத்தாகிவிட்டது, வலது கை திருப்பிப் பிடிக்க வேண்டும், பாபின் நூல் தீரப்போகிறது" என்கிற மாதிரி. அப்படியே சமையலறைக்குப் போய், அடுத்து சமைக்கப்போகும் பயறை அளந்து, ஊறவைக்கத் தயாராக மூடி வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.